மருந்து ஆய்வுகளில் தகவல் பதிய டாக்டர்கள் காகிதப் படிவத்தை விரும்புகிறார்களா, கணினியையா?

கிளினிக்கல் ட்ரையல் கோஆர்டினேட்டராக வேலை பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: நான் பார்த்தவரை பெரும்பாலான டாக்டர்களுக்கு இரண்டுமே பிடிக்காது. கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே எழுதியதை இன்னொரு முறை எழுதச் சொல்லாமல் இருந்தால் போதும் என்பார்கள்.

ஒவ்வொரு நோயாளியின் ஆய்வுத் தகவலையும் பதியும் படிவத்துக்கு சிஆர்எஃப் என்று பெயர். காகிதக் காலத்து சிஆர்எஃப்பில் அழுத்தி எழுதினால் அடியில் இருக்கும் தாள்களிலும் பதியும். தப்பானால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். மூத்த டாக்டர்கள் சிலர் இன்றும் அதையே நல்ல காலம் என்கிறார்கள். காகிதத்தின் மேல் பாசம் ஒன்றும் இல்லை. பதிவுகளைச் சரிபார்க்கும் மானிட்டர் என்ற அலுவலர் நேரில் வரும்வரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், அதுதான். தகவலைக் கணினியிலேயே பதியும் இப்போதைய இடிசி மென்பொருளிலோ, பிறந்த தேதியும் வயதும் ஒத்துப்போகவில்லை என்றால் சேமித்த மறுநொடியே விளக்கம் கேட்டு க்வெரி வந்து நிற்கும்.

அப்புறம் பாஸ்வேர்டு தொல்லை. ஆய்வை நடத்தச் சொல்லும் ஸ்பான்சர் ஒருவர் மெடிடேட்டா ரேவ் என்ற இடிசி வைத்திருப்பார், அடுத்தவர் ஆரக்கிள். நோயாளியின் டைரிக்கு ஒரு ஆப், யாருக்கு எந்த மருந்துப் பெட்டி என்று சொல்ல இன்னொரு தளம். எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பயிற்சி, தனித்தனிச் சான்றிதழ். கோஆர்டினேட்டரிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு ஓபிக்குப் போய்விடவும் முடியாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1997-இல் கொண்டுவந்த பார்ட் 11 விதிப்படி மின்கையொப்பம் பேனாக் கையெழுத்துக்குச் சமம். அதனால் நடைமுறையில் நாங்கள் தட்டச்சு செய்வோம், கடைசியில் டாக்டர் உள்ளே வந்து கையொப்பமிடுவார். டாக்டர்களுக்கு இடிசிதான் பிடித்திருக்கிறது என்று யாராவது சர்வே காட்டினால், தட்டச்சு செய்தது யார் என்று முதலில் கேளுங்கள்!

சொந்தமாக ஆய்வு நடத்தும் டாக்டர்கள் கதை வேறு. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004-இல் உருவான ரெட்கேப் என்ற மென்பொருள் அவர்களுக்குப் பிடிக்கிறது. லாப நோக்கற்ற நிறுவனங்களுக்கு இலவசம். அதோடு எந்தக் கேள்வி வேண்டும், எது வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்யலாம்.

என்னைக் கேட்டால், கேள்விகளின் எண்ணிக்கைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2020 மார்ச்சில் தொடங்கிய ரெகவரி கோவிட் ஆய்வைப் பாருங்கள். நோயாளியைச் சேர்க்க இணையத்தில் ஒரு சின்னப் படிவம். வீடு திரும்பும்போதோ, இறந்தாலோ, 28-ஆம் நாளிலோ, எது முதலில் வருகிறதோ அப்போது இன்னொன்று. மீதித் தகவலில் பெரும்பகுதி அரசு சுகாதாரப் பதிவேடுகளிலிருந்து வந்துவிடும். வார்டில் மூச்சுவிட நேரமில்லாத டாக்டர்களே ஜூனுக்குள் 11,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்தார்கள். டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, ஆக்ஸிஜன் தேவைப்படும் கோவிட் நோயாளிகளின் உயிர் காக்கிறது என்ற முடிவும் அந்த மாதமே வந்தது.

நீங்கள் மென்பொருள் எழுதுபவர் என்றால், லேப் ரிப்போர்ட்டை நேரடியாக இழுத்துக்கொள்ள ஒரு வழி செய்யுங்கள், அதற்கே டாக்டர்கள் கும்பிடு போடுவார்கள். கேஸ் ஷீட்டே பேனாவில் எழுதப்படும் மருத்துவமனைகள் நம் ஊரில் இன்னும் நிறைய. அங்கே எப்படியும் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து அடித்துத்தான் ஆக வேண்டும்.