ஆறு இலக்க எண்ணை எங்கிருந்து பிடிப்பது?

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். பயிற்சிக்காகத் தபால் உறையில் இருந்த இரண்டு பின்கோடுகளை எடுத்துக்கொண்டேன்: தருமபுரி 636701, கிருஷ்ணகிரி 635001. மீப்பெரு பொதுக் காரணி காண 7, 11, 13 என்று வகுத்துக்கொண்டே போனதில் நோட்டில் இரண்டு பக்கம் தீர்ந்துவிட்டது. சுருக்கு வழி உண்டா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: உண்டு. பொதுக் காரணி கேட்டால் வகுத்தலில் இறங்காதீர்கள், முதலில் கழியுங்கள். இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கிற எண், அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தே ஆக வேண்டும். இங்கே வித்தியாசம் 1700. அதன் பகா காரணிகள் 2, 5, 17 மட்டும்தான். இரண்டு பின்கோடும் 1-ல் முடிவதால் 2-ம் 5-ம் அடிபட்டுவிடும். 1700-ல் 17 ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. ஆக, விடை 17, இல்லையென்றால் 1.

சரி, 17 போகுமா என்று எப்படிப் பார்ப்பது? கடைசி இலக்கத்தைத் தனியே எடுத்து, அதன் 5 மடங்கை மீதமுள்ள எண்ணிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். கிருஷ்ணகிரிக்கு:

63500 − 5 = 63495
6349 − 25 = 6324
632 − 20 = 612
61 − 10 = 51

51 என்பது 17-ன் மூன்று மடங்கு. ஆகவே 635001-ஐ 17 வகுக்கும். 1700-ஐயும் வகுப்பதால் தருமபுரியையும் வகுக்கும். விடை 17. ஒவ்வொரு படியிலும் நாம் உண்மையில் 51-ன் மடங்கைத்தான் கழிக்கிறோம், அதனால்தான் இது பலிக்கிறது. இந்தக் காரணம் புரிந்துவிட்டால் விதி மறக்காது; மனப்பாடம் செய்தவர்கள்தான் தேர்வறையில் தடுமாறுகிறார்கள்.

நீங்கள் தனித்தனியே வகுத்துப் பார்த்த 7, 11, 13 மூன்றையும் ஒரே கழித்தலில் முடிக்கலாம். மூன்றையும் பெருக்கினால் 1001. எண்ணை மூன்று மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 636, 701. வித்தியாசம் 65. இதில் 13 போகும். 7-ம் 11-ம் போகாது. 636701-க்கும் அதே முடிவுதான்.

அப்புறம், முழுக் காரணிகளும் வேண்டுமென்றால்: 636701 = 13 × 17 × 43 × 67. கிருஷ்ணகிரியில் இலக்கங்களின் கூடுதல் 15 என்பதால் 3 போகும்; 635001 = 3 × 17 × 12451. கடைசி எண் பகா எண்தானா என்று பார்க்க 12451 வரை போக வேண்டாம், அதன் வர்க்கமூலத்துக்குள், அதாவது 109 வரையுள்ள பகா எண்களைப் பார்த்தால் போதும். எதுவும் வகுக்கவில்லை, ஆகவே அது பகா எண். சின்னக் காரணிகளை முதலில் எடுத்துவிட்டதன் லாபம் இது. 635001-ஐ அப்படியே வைத்திருந்தால் 797-க்குக் கீழே உள்ள 138 பகா எண்கள் வரிசையில் நின்றிருக்கும்.

அடுத்து ஓசூர் 635109-ஐக் கிருஷ்ணகிரியோடு வைத்துப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் 108. அதனால் 2, 3 தவிர வேறு பகா எண்ணை நீங்கள் தேட வேண்டியதே இல்லை.