ஜூரி முறை திரும்ப வந்தால் வழக்குகள் சீக்கிரம் முடியுமா?

முடியாது என்பதுதான் என் பதில். ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த சிலர் கேட்டு முடிவு சொல்வதுதான் ஜூரி முறை. வேலூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். சட்டம் படித்தவன் அல்லன். கட்டு தூக்கி, வாய்தா தேதி குறித்து, நகல் மனு போட்டுப் பழகியவன்.

"நானாவதி வழக்கில் ஜூரி கோட்டை விட்டது, அதனால் ஒழித்தார்கள்" என்று பலரும் எழுதுகிறார்கள். கடற்படை அதிகாரி நானாவதி தன் மனைவியின் காதலனைச் சுட்டது 1959 ஏப்ரலில். ஜூரி வேண்டாம் என்று சட்ட ஆணையம் தன் 14ஆவது அறிக்கையில் சொன்னதோ 1958இல். துப்பாக்கி வெடிக்கும் முன்பே நாள் குறித்தாகிவிட்டது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை.

அந்தக் காலத்திலும் ஜூரி சொன்னதே முடிவு என்று இருக்கவில்லை. அப்போதிருந்த 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 307ஆவது பிரிவின்படி, ஜூரியின் முடிவை ஏற்க முடியாத அமர்வு நீதிபதி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நானாவதி விடுபட்டபோது பம்பாய் நீதிபதி அதைத்தான் செய்தார். உயர் நீதிமன்றம் விதித்த ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ய 1961 நவம்பர் ஆயிற்று. அரசு அறிவித்த மாவட்டங்களில்தான் ஜூரி; மற்ற இடங்களில் அசெசர்கள் உட்கார்ந்து கருத்துச் சொல்வார்கள், நீதிபதி கேட்டாலும் கேட்பார், விட்டாலும் விடுவார். 1955இல் அவர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சரி, வேகத்துக்கு வருவோம். குடியாத்தம் பக்கத்து லுங்கி நெசவாளி ஒருவர் அடிதடி வழக்கொன்றில் கண்ணால் கண்ட சாட்சி. சம்மனை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பத்து மணிக்கே வராந்தாச் சுவரோரம் வந்து நிற்பார். பெயரைக் கூப்பிடுவார்கள். அவர் கூண்டேறும் முன்பே, "சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார்" என்று எதிர்த்தரப்பு ஜூனியர் எழுந்து நிற்பார். வாய்தா. அன்றைய கூலி போயிற்று. பல நடைக்குப் பிறகு ஒருவழியாகக் கூண்டேறியவர், "நான் எதையும் பார்க்கவில்லை" என்று சொல்லி இறங்கிவிட்டார். காசு வாங்கிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, மனிதர் அலுத்துப்போயிருந்தார்.

ஒரு சாட்சிக்கே இந்தப் பாடு என்றால் ஒன்பது ஜூரர்களை யோசித்துப் பாருங்கள். ஜூரி உட்கார வேண்டுமானால் விசாரணை இடைவிடாமல் ஓட வேண்டும்; மார்ச்சில் கேட்ட சாட்சியத்தை நவம்பரில் யார் நினைவு வைத்திருப்பார்? தொடர்ந்து அன்றாடம் விசாரிக்கச் சொல்லி 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 309ஆவது பிரிவு இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 346ஆவது பிரிவு இருக்கிறது. அதன்படி நடந்தாலே ஜூரி இல்லாமல் வழக்கு முடிந்துவிடும். அதற்கு நீதிபதிகள் வேண்டும். பத்து லட்சம் பேருக்குச் சுமார் 10 பேர் என்றிருந்ததை 50 ஆக்கச் சொல்லிச் சட்ட ஆணையம் 1987இல் பரிந்துரைத்தது. அந்த 50 இன்றும் எட்டாக்கனிதான்.

இன்னொரு தயக்கமும் எனக்கு உண்டு. ஜூரி காரணம் எழுதாது. தோற்ற கட்சிக்காரர் தீர்ப்பு நகலைக் கொண்டுவந்து, "எந்த இடத்தில் என்னை நம்பவில்லை, படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்பார். பக்கத்தைப் புரட்டி விரலால் காட்டுவேன். மேல்முறையீட்டுக்குப் பிடியே அந்தப் பத்திதான்.

ஜூரியின் சாயலை இன்றும் காண வேண்டுமென்றால் பார்சி திருமணச் சட்டத்தைப் பாருங்கள்: விவாகரத்து வழக்குகளில் நீதிபதியுடன் அந்தச் சமூகத்தின் பிரதிநிதிகள் ஐந்து பேர் அமர்கிறார்கள்.