பையன் ஆர்நேவ் ஆர்நேவ்னு சொல்றானா? கொஞ்சம் பொறுங்க அக்கா

அக்கா, மெசேஜ் பாத்தேன். பாலிடெக்னிக் ரெண்டாவது வருஷத்துல வந்து ஏர் டிராஃபிக் கண்ட்ரோலர் ஆவேன்னு நிக்கிறான், ராத்திரி பூரா ஆர்நேவ், ஆர்என்பினு பிளேன் வழி பாத்து போற முறைங்க பேரயே பொலம்புறான், இதெல்லாம் அவன் மண்டையில ஏறுமான்னு கேக்குறீங்க. ஏறும், அது பெரிய விஷயமே இல்ல.

முன்னாடி பிளேனுங்க தரையில இருக்குற ஒரு ரேடியோ நிலையத்துலேர்ந்து அடுத்ததுக்குன்னு தான் போவும், நம்ம சிங்கப்பூர் பசங்க என்எஸ்னு தேசிய சேவைக்கு போற தெக்கோங் தீவு பேர்லயே அப்படி ஒரு ரேடியோ நிலையம் உண்டு, அதத்தான் விஓஆர்னு சொல்வாங்க, பைலட் பாக்குற சார்ட்ல விடிகேனு போட்டிருக்கும். ஆர்நேவ் வந்ததும் நிலையத்து தலைக்கு மேல தான் போகணுங்குற கட்டாயம் போச்சு, வானத்துல ஒரு புள்ளிய குறிச்சு அஞ்செழுத்து பேரு வெச்சா நேரா அங்க போலாம். இங்கேர்ந்து ஹாங்காங் பக்கம் போக எம்771னு ஒரு வான்வழி, திரும்பி வர எல்642னு ஒண்ணு, எம்ஆர்டி ரயில் தண்டவாளம் மாதிரி போறதுக்கு ஒண்ணு வர்றதுக்கு ஒண்ணு.

ஆர்நேவ் 5னா பறக்குற நேரத்துல 95 விழுக்காடு நடுக்கோட்டுலேர்ந்து 5 கடல் மைலுக்குள்ள இருக்கணும். ஆர்என்பினா அதோட சேத்து, அந்த அளவுக்குள்ள இருக்க முடியலன்னா பிளேனே பைலட்ட எச்சரிக்கணும். இதுல தான் பசங்க கோட்ட விடுவாங்க, ஏன்னா ஆர்என்பி 10னு ஒண்ணு இருக்கு, பேரு தான் அப்படி, எச்சரிக்கை கட்டாயமே கிடையாது, பழைய பேர மாத்துனா எல்லா அனுமதி பேப்பரையும் மாத்தணும்னு அப்படியே விட்டுட்டாங்க, ஹைய்யோ!

ஆனா அக்கா, இத மனப்பாடம் பண்ணிட்டு வர்ற பசங்கள நெறைய பாத்துட்டேன். ஒரு தம்பி எல்லாத்துக்கும் டெஃபினிஷன் கடகடன்னு ஒப்பிச்சான், ஒரு புள்ளிகிட்ட பிளேன் திரும்புற ரெண்டு விதம் இருக்கு, ஃப்ளை-பை ஃப்ளை-ஓவர்னு, அது ரெண்டையும் வரைஞ்சு காட்டுன்னேன், பேனாவ வெச்சுட்டு முழிக்கிறான். வேலைக்கு வேணுங்கறது மனசுக்குள்ள படம் ஓடுறது, அவசரத்துலயும் தெளிவா பேசுறது, ராத்திரி ஷிஃப்டுக்கு ஒத்துக்குற ஒடம்பு.

வெளிய காசு கட்டி எந்த கோர்ஸும் இப்ப வேணாம், சிவில் ஏவியேஷன் ஆணையம் எடுக்குற ஆளுக்கு அவங்களே டிரெயினிங் குடுப்பாங்க. டிப்ளமாவ ஒழுங்கா முடிக்கட்டும்.

இன்னிக்கி சாப்பாட்டு மேசையில மூணு டீ கப்ப முக்கோணமா வைங்க, வெரல பிளேனா நெனச்சு மொத கப்புலேர்ந்து ரெண்டாவது வழியா மூணாவதுக்கு ஓட்ட சொல்லுங்க, அந்த ரெண்டாவது கப்புல ஃப்ளை-பைனா எங்க திரும்புவ, ஃப்ளை-ஓவர்னா எங்க திரும்புவன்னு கேளுங்க. மொதல்ல சொன்னதுக்கு கப்ப தொடறதுக்கு முன்னயே வெரல வளைக்கணும், ரெண்டாவதுக்கு கப்பு மேல போயிட்டு தான் திரும்பணும். தமிழ்லயே சொல்லட்டும். என்ன பண்ணான்னு நாளைக்கு வாய்ஸ் மெசேஜ் போடுங்க.