ஹைப்ரிட் டிஸ்க் போட்டும் வேகம் கூடவில்லையா?

எக்ஸ்பி இருந்த லேப்டாப்பில் அதே பார்ட்டிஷனிலேயே விண்டோஸ் 7 போட்டு, பிறகு 1 டிபி ஹைப்ரிடுக்கு (சாதாரண ஹார்ட் டிஸ்கோடு கொஞ்சம் ஃபிளாஷ் மெமரியும் சேர்ந்தது) குளோன் செய்தும், அதாவது அப்படியே நகலெடுத்தும், பழையபடி மெதுவாகத்தான் எழுகிறது, டிஸ்க் பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பழுதாக இருக்காது. அந்த வகை டிஸ்கில் ஃபிளாஷ் 8 ஜிபிதான். அடிக்கடி படிக்கும் பகுதிகளைத்தான் அது எடுத்து வைத்துக்கொள்ளும்; குளோன் ஆன கையோடு அதற்கு ஒன்றும் தெரியாது. நாலைந்து முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

அப்படியும் மாறாவிட்டால் அலைன்மென்ட்தான் சந்தேகம், அதாவது பார்ட்டிஷன் டிஸ்கின் செக்டர் எல்லையில் சரியாகத் தொடங்குகிறதா என்பது. ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) அடித்து, கம்போனன்ட்ஸ், ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் என்று போங்கள். 'பார்ட்டிஷன் ஸ்டார்ட்டிங் ஆஃப்செட்' 1,048,576 என்றால் சரி. 32,256 என்றால் எக்ஸ்பி காலத்துப் பார்ட்டிஷன் அப்படியே வந்திருக்கிறது. அந்த எண் 4096-ஆல் மீதியில்லாமல் வகுபடாது. 4கே செக்டர் (4096 பைட் துண்டு) டிஸ்கில் ஒரு சின்ன ரைட்டுக்கே இரண்டு செக்டரைத் தொட வேண்டிவரும். பேக்கப் எடுத்துவிட்டு ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் மாற்றும் மென்பொருளில் 'அலைன் டு எம்ஐபி' வைத்து பார்ட்டிஷனை நகர்த்துங்கள். பிறகு பூட் ஆகாவிட்டால் பதற வேண்டாம், விண்டோஸ் டிவிடியில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓட்டுங்கள்.

பெரிய ஃபைல் காப்பி மட்டும் வேகமாகாது, உள்ளே சுற்றுவது சாதாரணத் தட்டுதானே. திருப்பிக் கொடுக்க வழியிருந்தால், நானாக இருந்தால் முழுக்க ஃபிளாஷிலேயே இயங்கும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிதான் வாங்குவேன்.