இங்கிலாந்தில் ஓவியப் பட்டப்படிப்புக்குப் போகும் முன், போர்ட்ஃபோலியோவுக்காகக் கல்லூரியில் ஒரு வருடம் படிப்பது அவசியமா?

வயது 24, பள்ளியில் ஓவியத்தைப் பாடமாக எடுக்கவில்லை, வீட்டில் வரைந்த படங்கள்தான் கையில் இருக்கின்றன. இவற்றையே போர்ட்ஃபோலியோவாக, அதாவது தேர்வாளர்களுக்குக் காட்டும் படைப்புத் தொகுப்பாக, வைத்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாமா, ஃபர்தர் எஜுகேஷன் கல்லூரியில் (பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்ட படிப்புகளைத் தரும் கல்லூரி) படித்துவிட்டுப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படித்துவிட்டுப் போங்கள். அந்த வழியாக வந்தவள் என்ற முறையில் உறுதியாகவே சொல்கிறேன்.

ஓவிய மாணவர்களுக்குப் பட்டப்படிப்புக்கு முன் ஒரு வருடம் தனியாக ஒதுக்கும் முறை, கலைக்கல்வி பற்றி 1960இல் வெளிவந்த கோல்ட்ஸ்ட்ரீம் அறிக்கைக்குப் பிறகு இங்கே வேரூன்றியது. இன்று அதன் பெயர் ஃபவுண்டேஷன் டிப்ளமா. ஓவியம், சிற்பம், கிராஃபிக்ஸ், துணி வடிவமைப்பு, அச்சு என்று எல்லாவற்றிலும் முதலில் கைவைக்கச் செய்வார்கள். பிறகுதான் உங்கள் துறையைத் தேர்ந்தெடுப்பீர்கள். 19 வயதைக் கடந்தவர்களுக்கு பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் ஆக்சஸ் டு ஹையர் எஜுகேஷன் டிப்ளமா என்று இன்னொன்றும் உண்டு. உங்கள் வயதுக்கு இதை முதலில் விசாரியுங்கள். வசிப்பிட நிபந்தனைகள் பொருந்தினால் அதன் கட்டணத்துக்கு அட்வான்ஸ்டு லேர்னர் லோன் என்ற அரசுக் கடன் கிடைக்கும். பிறகு பட்டப்படிப்பை முடித்துவிட்டால் அந்த டிப்ளமாவுக்கு வாங்கிய கடனில் மிச்சமிருப்பதைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது காலக்கணக்கைத்தான். ஒரு வருடம் என்பது பெயருக்குத்தான். வகுப்பு செப்டம்பரில் தொடங்கும், யூகாஸ் (பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பொதுவாகப் பெறும் அமைப்பு) விண்ணப்பத்தின் முக்கியக் கெடு ஜனவரியிலேயே வந்துவிடும், அதை ஒட்டியே போர்ட்ஃபோலியோவையும் கேட்பார்கள். ஆக, போர்ட்ஃபோலியோவுக்குள் போகப்போவது பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு முன் நீங்கள் செய்த வேலை. கோடை விடுமுறையிலேயே தினமும் வரையத் தொடங்கிவிடுங்கள், நேரில் பார்த்து. புகைப்படத்தைப் பார்த்துப் பென்சிலில் இழைத்து இழைத்து வரைந்த நடிகர் முகங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், உங்கள் கண் எப்படிப் பார்க்கிறது என்பதை அவை காட்டுவதில்லை. தேர்வாளர்கள் தேடுவது அதைத்தான்.

என்னுடன் படித்த ஒருத்தி தன் அம்மாவின் தையல் இயந்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். முதலில் முழு இயந்திரம், பென்சிலில். அடுத்து கரித்துண்டில் அதன் நிழல் மட்டும். பிறகு ஊசியும் நூலும் இருக்கும் பகுதி, பக்கம் முழுக்கப் பெரிதாக. கடைசியில் லினோ என்ற மென்மையான தகட்டில் செதுக்கி அச்செடுத்தபோது படம் இடம் வலமாகத் திரும்பி, ஊசி இருக்க வேண்டிய பக்கத்தில் சக்கரம் வந்து நின்றது. அவள் அதைத் தூக்கிப் போடவில்லை; திருப்பிச் செதுக்கிய இரண்டாவது அச்சையும் பக்கத்தில் ஒட்டி, எது பிடித்திருக்கிறது, ஏன் என்று கீழே எழுதினாள். நேர்காணலில் அதிக நேரம் பேசப்பட்டது அந்தப் பக்கத்தைப் பற்றித்தானாம். வீட்டில் தனியாக வரைந்திருந்தால் முதல் அச்சு குப்பைக்குப் போயிருக்கும். “இதை வைத்துக்கொள்” என்று சொல்ல ஓர் ஆசிரியர் பக்கத்தில் இருப்பதற்காகவே இந்தப் படிப்பு தகும் என்பேன்.

எத்தனை படங்கள் என்பதைப் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறு வேறாகச் சொல்வார்கள். அவரவர் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது பெரும்பாலும் இணையத்தில் ஏற்றச் சொல்வதால், படங்களை ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், கேமரா சாயாமல் எடுங்கள். ஸ்கெட்ச்புக் பக்கங்களையும் கட்டாயம் சேருங்கள்.

எந்தக் கலைஞரைப் பிடிக்கும், ஏன் என்று நேர்காணலில் கேட்பார்கள். இணையத்தில் பார்த்ததை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. லண்டனுக்கு வந்துபோக முடிந்தால் நேஷனல் கேலரி, டேட் மாடர்ன் என்ற இரண்டு கலைக்கூடங்களின் நிரந்தரத் தொகுப்பையும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். சுற்றி வராமல் ஒரே படத்தின் முன் நின்று வரையுங்கள். அந்தப் பக்கமும் போர்ட்ஃபோலியோவில் சேரும்.