டயர் ஏறவில்லையா? வால்வைக் கடைசியில் வையுங்கள்

கேள்வி: கோவையில் இருக்கிறேன், வயது 48. இரண்டு வருடமாக ரோட் பைக் என்கிற மெல்லிய டயர் சைக்கிள் ஓட்டுகிறேன். போன மாதம் பின்சக்கரத்துக்கு 700x25 அளவில் புதிதாக மடக்கு டயர் வாங்கினேன். அலுமினிய ரிம், டியூப்லெஸ் டயரும் போடலாம் என்று சொல்லித்தான் சைக்கிளைக் கொடுத்தார்கள். நான் டியூப் போட்டுத்தான் ஓட்டுகிறேன். ஆனைகட்டி ரோட்டில் பஞ்சர் ஆனது. டியூபை மாற்றிவிட்டேன், ஆனால் டயரில் கடைசி ஒரு சாண் ஏறவே இல்லை. டயரை நெம்பும் லீவர் ஒன்று உடைந்தது, புது டியூபும் நசுங்கி ஓட்டையானது. குட்டியானை பிடித்துத்தான் வீடு வந்தேன். கடையில் கேட்டால், “இது உங்க கைக்கு ஆகாதுங்க மேடம். இரும்பு லீவர் வாங்கிக்கங்க, இல்லாட்டி வீல்செட்டையே மாத்திருங்க” என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். வீலையும் மாற்ற வேண்டாம், இரும்பு லீவரும் வாங்க வேண்டாம். உங்கள் கையில் குறை எதுவும் இல்லை. ஜிம்முக்குப் போகிற பையன்கள் என்னிடம் இதே டயரைக் கொண்டுவந்து, கட்டைவிரலில் கொப்புளத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 25-622 என்று இருக்கும். 25 டயரின் அகலம், 622 ரிம்மில் டயர் உட்காரும் வட்டத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். ரிம் ஸ்டிக்கரிலும் 622 இருக்க வேண்டும். 700 என்பதையும் அங்குலக் கணக்கையும் மறந்துவிடுங்கள். 27 அங்குலம் என்று விற்கும் பழைய ரேஸ் சைக்கிள் ரிம் 630. நம் கறுப்பு சைக்கிளின் 28 இஞ்ச் ரிம் 635. ஐரோப்பாவில் இதே 622-ஐ 28 இஞ்ச் என்கிறார்கள், மலை சைக்கிள்காரர்கள் 29 என்கிறார்கள். ஒரே வட்டத்துக்கு மூன்று பெயர், ஒரே பெயருக்கு இரண்டு வட்டம்! இத்தனை வருடம் ஆகியும் மில்லிமீட்டரில் மட்டும் விற்போம் என்று முடிவெடுக்க இந்தத் தொழிலுக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு ஒரு சாண்தானே பாக்கி நின்றது? அப்படியென்றால் அளவு சரி. 630 ரிம்மாக இருந்தால் அவ்வளவு தூரம் வந்தே இருக்காது.

அளவு சரி என்றால் ஏன் ஏறவில்லை? வளையல் போட்டுக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். கண்ணாடி வளையல் விரியாது. வளையல்காரர் உங்கள் கட்டைவிரலை உள்ளே மடக்கி, சோப்பைத் தடவி, கையைத்தான் சின்னதாக்குவார். டயரின் ஓரத்தில் ஓடும் வளையத்துக்கு பீட் என்று பெயர். மடக்கு டயரில் அது கெவ்லார் நார், சாதா டயரில் இரும்புக் கம்பி. இரண்டுமே இழுத்தால் விரியாது. விரியக் கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். விரிந்தால் காற்றடித்ததும் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ஆகவே சின்னதாக வேண்டியது ரிம்தான்.

ரிம் எப்படிச் சின்னதாகும்? டயரைக் கழற்றிவிட்டு ரிம்மின் உட்பக்கத்தில் குறுக்காக விரலை ஓட்டுங்கள். ஓரத்தில் சுவர், அதை ஒட்டி ஒரு குறுகிய திட்டு, நடுவில் ஒரு பள்ளம். காற்று நிறைந்தபின் பீட் உட்காரும் இடம் அந்தத் திட்டு. அதன் விட்டம்தான் 622. ஏற்றும்போது பீட் அங்கே இருக்கக் கூடாது, பள்ளத்தில் இருக்க வேண்டும். பள்ளம் 3 மில்லிமீட்டர் ஆழம் என்று வையுங்கள். சுற்றளவில் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் குறைகிறது. கடைசி ஒரு சாண் ரிம் சுவரைத் தாண்ட அந்த 19 மில்லிமீட்டர்தான் உங்களுக்குக் கிடைக்கும் தளர்ச்சி. வேறு எங்கிருந்தும் கிடைக்காது.

இப்போது வால்வைப் பாருங்கள். டியூபில் வால்வு முளைக்கும் இடத்தில் ரப்பர் தடிப்பாக இருக்கும். அது பள்ளத்தை அடைத்துக்கொண்டு உட்காருவதால் அங்கே பீட் கீழே இறங்காது. நம் ஊரில் பெரும்பாலும் வால்வை முதலில் ஓட்டையில் செருகி, அங்கேயே டயரையும் ஏற்றத் தொடங்கி, எதிர்ப்பக்கத்தில் முடிக்கிறோம். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தளர்ச்சி தேவைப்படுகிற நேரத்தில், பீட் இறங்கவே முடியாத இடத்தில் அதைத் தூக்கி வைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் லீவரோடு மல்லுக்கட்டுகிறோம். வால்வுக்கு எதிரே தொடங்கி வால்வில் முடியுங்கள். பாதி பிரச்சினை அதிலேயே போய்விடும்.

மீதிப் பாதி, ரிம்மின் உட்பக்கத்தில் ஸ்போக் ஓட்டைகளை மூட ஒட்டும் ரிம் டேப்பில் இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. போன வருடம் என்னிடம் வந்த ஒரு சக்கரத்தைப் பிரித்தேன். அடியில் தொழிற்சாலை போட்ட டேப், அதன்மேல் தடித்த துணி டேப், அதற்கும் மேலே யாரோ சுற்றிய கறுப்பு இன்சுலேஷன் டேப். பள்ளம் இருந்த சுவடே இல்லை. டேப் 1 மில்லிமீட்டர் தடித்தால் சுற்றளவில் 6 மில்லிமீட்டர் தளர்ச்சி போச்சு. மூன்றையும் உரித்துவிட்டு டியூப்லெஸ் ரிம்முக்கான மெல்லிய டேப்பை இரண்டு சுற்று ஒட்டினேன். அதே டயரைச் சக்கரத்தின் சொந்தக்காரரே கையால் ஏற்றினார். அவரிடம் ஒரு கடையில் வீல்செட் மாற்றச் சொல்லி, விலைச்சீட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இன்சுலேஷன் டேப் மட்டும் எப்போதும் வேண்டாம். அழுத்தத்தில் அது ஸ்போக் ஓட்டைக்குள் பிதுங்கி இறங்கும், பின்னாலேயே டியூபும் இறங்கும்.

சரி, ஏற்றும் முறைக்கு வருவோம். டயரை ஒரு மணி நேரம் வெயிலில் போடுங்கள். புது மடக்கு டயர் கொஞ்சம் இளகும். முதல் பக்கத்தை ஏற்றுங்கள், அது சிரமம் தராது. டியூபில் வடிவம் பிடிக்கிற அளவு மட்டும் காற்று அடித்து உள்ளே வையுங்கள். வால்வு நட்டை முழுக்க முடுக்காமல், கழன்று விழாத அளவுக்கு விடுங்கள். இரண்டாவது பக்கத்தை வால்வுக்கு நேர் எதிரே தொடங்கி, இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டே வாருங்கள். இறுக ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் லீவரை எடுக்கிறார்கள். எடுக்காதீர்கள். டியூபில் இருக்கும் காற்றை முழுக்க இறக்குங்கள். சக்கரத்தை வால்வு உங்கள் வயிற்றுப் பக்கம் வருகிற மாதிரி மடியில் சாய்த்துக்கொண்டு, எதிர்முனையில் டயரை இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடித்து, இரண்டு பீட்டையும் நடுப்பள்ளத்துக்குள் அழுத்துங்கள். பிடியை விடாமல், ஈரத்துணி பிழிகிற மாதிரி டயரை உங்களை நோக்கி இழுத்துக்கொண்டே வாருங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால், ஒரு சாண் பாக்கி நாலு விரல் பாக்கியாகக் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அந்த நாலு விரலுக்குச் சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள். கட்டைவிரல் நுனியால் குத்தாமல், உள்ளங்கையின் அடிப்பகுதியால் டயரை ரிம்மின் மேல் உருட்டுங்கள். ஒரு பக்கம் ஏற்றினால் மறுபக்கம் வழுக்கி வெளியே வருகிறதா? பழைய டியூபில் வெட்டிய ஒரு பட்டையால் அந்த இடத்தில் டயரையும் ரிம்மையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஏறியதும் வால்வை உள்நோக்கி ஒருமுறை தள்ளி இழுங்கள், அடியில் பீட் மாட்டியிருந்தால் விடுபடும். அப்புறம் டயரைச் சுற்றிலும் இரண்டு பக்கமும் ஒதுக்கி, டியூப் எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். 20, 30 பிஎஸ்ஐ வரை அடித்து, ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முழுக் காற்று அடியுங்கள்.

லீவர் இல்லாமல் முடியவே முடியாதென்றால் பிளாஸ்டிக் லீவர், அதுவும் ஓரத்திலிருந்து இரண்டிரண்டு சென்டிமீட்டராக. நடுவில் நெம்பினால் லீவர் உடையும், இல்லை டியூப் நசுங்கும். உங்களுக்கு இரண்டும் நடந்திருக்கிறது. மோட்டார் சைக்கிள் டயர் கழற்றுகிற இரும்பு லீவரும் ஸ்க்ரூ டிரைவரும் ரிம் பக்கமே வரக் கூடாது. அலுமினியச் சுவரில் ஒரு சின்ன பல் விழுந்தால் போதும், ஒவ்வொரு முறையும் அது டியூபைக் கடிக்கும். தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவரிடம் வருகிற சக்கரத்துக்கு அந்த லீவர் சரிதான். எனக்குக் கோபமெல்லாம், ‘இம்போர்ட்டட் வீல்செட், எல்லா டயரும் சேரும்’ என்று போனிலேயே படம் காட்டி விற்கும் இடைத்தரகர்கள் மேல்தான். ரிம் ஸ்டிக்கர் உரிந்திருக்கும், உள் அகலம் கேட்டால் தெரியாது, பில் கிடையாது. உங்கள் டயர் ஏறவில்லை என்றதும் வீல்செட்டை மாற்றச் சொன்னவரிடம், மாற்றுவதற்கு ஒரு வீல்செட் கையில் இருந்திருக்கும்.

கம்பெனிகளும் லேசுப்பட்டவை இல்லை. 2006-ல் ரோட் பைக்குக்கு டியூப்லெஸ் வந்தது. காற்று கசியாமல் நிற்க பீட்டை இறுக்கமாக்கினார்கள். ரிம்மில் திட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சின்ன மேட்டை வைத்தார்கள். டியூப் போட்டு ஓட்டுகிற உங்களுக்கும் அதே ரிம்தான் வருகிறது. டயர் கம்பெனியைக் கேட்டால் ரிம் பெரிது என்பார்கள், ரிம் கம்பெனியைக் கேட்டால் டயர் சின்னது என்பார்கள். இரண்டிலும் 622 என்று அச்சடித்திருக்கும்! எந்த டயர் எந்த ரிம்மில் சேரும் என்ற பட்டியல் கம்பெனி இணையதளத்தில் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். கடையில் யாரும் அதைத் திறந்து பார்த்து நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு ரிம்முக்கு மட்டும் நான் இதுவரை சொன்னது போதாது. ஹூக்லெஸ் ரிம். உங்களுடையது அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு, ஆனாலும் பார்த்துவிடுங்கள். ரிம் சுவரின் மேல்விளிம்பில் உட்பக்கமாக விரலை வைத்துத் தடவுங்கள். உள்நோக்கி வளைந்த ஒரு சின்ன உதடு தட்டுப்பட்டால் ஹூக் உள்ள ரிம், கவலை இல்லை. சுவர் நேராக, வழவழவென்று முடிந்தால் ஹூக்லெஸ். அதில் டியூப்லெஸுக்கென்று செய்த டயர் மட்டும்தான் போட வேண்டும். டியூப் போட்டு ஓட்டினாலும் டயர் அந்த வகையாகவே இருக்க வேண்டும். காற்று 5 பாருக்கு மேல் கூடாது, அதாவது 72 பிஎஸ்ஐ. 25 அளவு டயரில் 80, 90 என்று அடித்துப் பழகியவர்கள் கை தானாக அங்கே போகும். அகலமான ஹூக்லெஸ் ரிம்களில் 25 அளவு டயரே கூடாது. ரிம் கம்பெனி சொல்லும் குறைந்தபட்ச அளவைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் சைக்கிள் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கெண்ட் விழுந்தபோது டயர் ஹூக்லெஸ் ரிம்மை விட்டுக் கழன்று தொங்கியதை உலகமே பார்த்தது. இந்த ரிம்மில் டயர் இறுக்கமாக ஏறினால் சந்தோஷப்படுங்கள். கையால் சுலபமாக வழுக்கி ஏறினால்தான் பயப்பட வேண்டும். ‘லூஸா ஏறுது, நல்ல டயர்’ என்று யாராவது விற்றால், தயவுசெய்து வாங்காதீர்கள்.

ஆனைகட்டி ரோட்டுக்கு மறுபடி போவீர்கள். அதற்கு முன் வீட்டில் இந்த டயரை மூன்று தடவை கழற்றி மாட்டுங்கள். முதல் தடவை இருந்த முறுக்கு மூன்றாவது தடவை இருக்காது. பையில் இரண்டு பிளாஸ்டிக் லீவர், இரண்டு டியூப், பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை ஒரு ஜோடி, பம்பு. உங்கள் டியூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால், பெட்ரோல் பங்கில் காற்றடிக்க ஒரு பித்தளை அடாப்டரும். சில ரூபாய்தான், ஆனால் அது இல்லாமல் பங்குக்காரர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

டயரைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். முதலில் உள்ளே இருக்கும் டேப்பைப் பாருங்கள். துணி டேப் என்றால் உரித்துவிட்டு மெல்லியதைப் போடுங்கள். ரிம் ஸ்டிக்கரில் 622x19 என்று இருந்தால் அந்த 19 உள் அகலம். பள்ளத்தின் சரிவிலும் டேப் படிய வேண்டும் என்பதால் 21 மில்லிமீட்டர் டேப் கேளுங்கள். கடையில் 25 மட்டும்தான் இருக்கிறது, ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம் என்பார்கள். வாங்காமல் வந்துவிடுங்கள்.