எந்த வலிக்குக் கை வைக்கலாம்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த 61 நாளில்தான் நம்ம கடற்கரைக்காரர்களுக்கு உடம்பைக் கவனிக்கவே நேரம் கிடைக்கிறது. அதனாலோ என்னவோ, இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாமே தேய்ப்பது, பிடித்துவிடுவது, சுளுக்கு எடுப்பது பற்றித்தான்.

கேள்வி: என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். வலை வாங்கி, ஐஸ் பெட்டி தூக்கி, இடுப்பும் தோள்பட்டையும் இறுகிப்போய்க் கிடக்கிறது. மசாஜ் நிலையங்களில் சுவீடிஷ், தாய், டீப் டிஷ்யூ என்று பலகை வைத்திருக்கிறார்களே, எதற்குப் போகச் சொல்லலாம்? (வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: சகோதரி, பலகையில் எத்தனை பெயர் இருந்தாலும், கை எவ்வளவு ஆழமாக, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதில்தான் பாதி வித்தியாசம். சுவீடிஷ் என்றால் எண்ணெய் தடவி நீவுவது, பிசைவது, தேய்ப்பது, தட்டுவது, அதிரவிடுவது என ஐந்து விதமான கைப்போக்கு. பெயரில்தான் சுவீடன் இருக்கிறது, அந்த அசைவுகளை முறைப்படுத்திய பெருமை 19-ஆம் நூற்றாண்டு டச்சு மருத்துவர் மெஸ்கரைச் சேரும். உடம்பு அசதி, சரியான தூக்கமில்லை என்றால் இதுவே போதும். தாய்லாந்து முறையில் பொதுவாக எண்ணெய் கிடையாது, உடுப்போடு தரையில் படுக்கவைத்து, அழுத்தி, கை காலை இழுத்து வளைப்பார்கள். 2019-ல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கலை அது. ஆனால் இடுப்பிலிருந்து காலுக்குச் சுரீரென்று வலி இறங்குகிறவர் மருத்துவரிடம் காட்டாமல் அப்படி வளைக்கக் கொடுக்கவே கூடாது. டீப் டிஷ்யூ என்பது இறுகிய தசையை மெதுவாக, ஆழமாக அழுத்தித் தளர்த்துவது. தோள்பட்டை பிடிப்புக்கு நன்றாகக் கேட்கும், மறுநாள் கொஞ்சம் வலிக்கவும் செய்யும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு இது வேண்டாம், உள்ளே கன்றிப்போகும்.

இவ்வளவு சொன்னாலும் என் ஓட்டு நம்ம தொக்கணத்துக்குத்தான், அதாவது சித்த வைத்தியத்தின் மசாஜுக்கு. சித்த மருத்துவத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை உண்டு. தைலமும் வைத்தியர் ஆளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார், வாத நோய்களுக்கு வாத கேசரி, உளுந்துத் தைலம் போன்றவை. அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது, பலகைக்குப் பணம் கட்டுவதற்கு முன் அங்கே போய்க் காட்டுங்கள்.

வீட்டிலேயே செய்வதென்றால் நல்லெண்ணெயைக் கைபொறுக்கும் சூட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். அவரைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகெலும்பை விட்டுவிட்டு அதன் இரண்டு பக்கமும் இருக்கும் சதையில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து இடுப்பிலிருந்து தோளை நோக்கி மெதுவாக ஏற்றுங்கள். கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் விரலுக்கடியில் ஒரு முடிச்சு தட்டுப்படும், அதைக் கசக்க வேண்டாம், பெருவிரலால் அழுத்தி, அவர் மூச்சை விட விட அரை நிமிஷம் அப்படியே வைத்திருந்தால் தானாக இளகும். எலும்பின் மேல் அழுத்தக் கூடாது. நடு முதுகில் ஏறி மிதிக்கவும் கூடாது, நம்ம ஊரில் பிள்ளைகளை ஏறி மிதிக்கச் சொல்லும் பழக்கம் இருப்பதால் சொல்கிறேன்.

இதனால் என்ன கிடைக்கும் என்றால், இறுக்கம் தளரும், மனசு அமைதியாகும், தூக்கம் வரும், இடுப்பு வலி கொஞ்ச நாளைக்குக் குறையும். கொஞ்ச நாளைக்குத்தான். இடுப்பையும் வயிற்றுத் தசையையும் பலப்படுத்தும் பயிற்சியை அதோடு சேர்த்தால்தான் அந்தப் பலன் நிலைக்கும். உடம்பிலுள்ள நச்செல்லாம் வெளியேறும், எடை குறையும் என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள், கழிவை வெளியேற்ற கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

கேள்வி: என் தம்பி சங்கு குளிக்கிறான். படகிலிருந்து குழாய் வழியாக மூச்சு வாங்கிக்கொண்டு வெகுநேரம் கீழே இருப்பான். மேலே வந்து கொஞ்ச நேரத்தில் தோளும் முழங்கையும் உள்ளுக்குள் குடைகிறது என்கிறான். தைலம் போட்டு நீவினாலும் கேட்கவில்லை. வேறு எந்த மசாஜ் நல்லது? (வாசகர், கீழக்கரை)

பதில்: எந்த மசாஜும் வேண்டாம் தம்பி, தைலத்தை மூடி வையுங்கள். இது தசை வலியாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆழத்தில் அழுத்தத்தோடு காற்றை இழுக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்துபோகும், சட்டென்று மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குகிற மாதிரி அது குமிழியாகி மூட்டுகளில் தங்கும். தேய்த்துக் குமிழியைக் கரைக்க முடியாது, தேய்க்கிற நேரமெல்லாம் வைத்தியத்துக்குத் தாமதம். அவனை மல்லாக்கப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள், எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எவ்வளவு வேகமாக ஏறினான் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். முதலில் ஆக்சிஜன், அப்புறம் தேவைப்பட்டால் அழுத்த அறை (காற்றழுத்தத்தைக் கூட்டிச் சிகிச்சை தரும் அறை) உள்ள மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் போகாமலிருப்பது, இதில் ஒன்று வந்தாலும் தண்டுவடம் பாதிக்கப்பட்டிருக்கலாம், ஒரு மணி நேரம்கூட வீணாக்கக் கூடாது. வலி குறையட்டும் என்று திரும்பத் தண்ணீரில் இறங்கவும் விடாதீர்கள், உங்கள் தம்பியை நினைத்து எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

கேள்வி: அம்மா கடல்பாசி எடுக்கப் போவார், வயது 58, சர்க்கரை உண்டு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக இருக்கிறது. சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப் போகலாமா? (வாசகி, பாம்பன்)

பதில்: வேண்டாம். இரண்டு காலும் அலுத்துப்போனால் அது வேலை அலுப்பு. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் உள் நரம்பில், அதாவது ஆழமான இரத்தக்குழாயில், இரத்தம் உறைந்திருக்கலாம், அதை நீவினால் கட்டி பிடுங்கிக்கொண்டு நுரையீரலுக்குப் போகும் ஆபத்து இருக்கிறது. சர்க்கரைக்காரர் என்பதால் பாறையில் கீறிய காயம் சீழ் வைத்திருக்கவும் இடமுண்டு. இன்றைக்கே மருத்துவமனையில் காட்டி, ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடான ஒத்தடமும் கொடுக்காதீர்கள், தோல் வெந்துபோனால்கூட அவருக்குத் தெரியாது.

கேள்வி: பேத்திக்கு மூன்று மாதம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறோம். ராத்திரியெல்லாம் அழுகிறாள், உரம் விழுந்திருக்கிறது (சுளுக்கிக்கொண்டிருக்கிறது), சேலையில் போட்டு உருட்டி எடுக்க வேண்டும் என்கிறார்கள். (வாசகி, தேவிபட்டினம்)

பதில்: எண்ணெய் தேய்ப்பது நல்ல பழக்கம், தேங்காய் எண்ணெயே போதும், நெஞ்சிலிருந்து கைக்கும் தொடையிலிருந்து பாதத்துக்கும் லேசாக நீவி விடுங்கள், பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கிடக்கும். மூக்கிலும் காதிலும் மட்டும் எண்ணெய் விடாதீர்கள், மூக்கில் விட்டது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். சேலையில் உருட்டுவது, தலைகீழாகப் பிடித்து உதறுவது, இரண்டும் கூடவே கூடாது. அந்த வயதில் கழுத்து நிற்காது, குலுங்கினால் மூளையில் இரத்தம் கசியலாம். அழுகை நிற்கவில்லை, பால் குடிக்க மறுக்கிறாள், காய்ச்சல் இருக்கிறது என்றால் நேராகக் குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.